நாணயமே முதல்: ஜம்ஷெட்ஜி டாட்டாவின் சரிதம்

தொழில் தொடங்க விரும்பும் இளைஞரை அணுகி, காரியம் ஏன் தாமதப்படுகின்றது என்று வினவினால், கையில் முதல் இல்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். முதல் இன்றியமையாததே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அம்முதலை இழந்த பின்னரும் ஒருவனிடம் எஞ்சி நிற்பது யாது, அதனைக்கொண்டு அவன் மீண்டும் எழ இயலுமா என்பதே வியாபாரிகள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயமாகும். இதற்குத் தமது வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா. அப்பெரியாரின் சரிதத்தை நம் அங்கத்தினர்களும் அவர்தம் மக்களும் அறிதல் பெரும் பயன் தருவதாகும்.

ஜம்ஷெட்ஜி 1839-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி, கூர்ஜர நாட்டிலுள்ள நவஸாரி என்னும் ஊரில், பார்ஸி புரோகிதர் குடும்பத்தில் ஜனித்தார். தலைமுறை தலைமுறையாக வைதிகத் தொழிலே செய்துவந்த அக்குடும்பத்தில் முதன்முதல் வியாபாரத்திற் புகுந்தவர் இவருடைய பிதா நஸர்வான்ஜியே. மைந்தர் பம்பாயில் எல்பின்ஸ்டன் கலாசாலையிற் கற்று, 1858-ல் படிப்பை முடித்துக்கொண்டு தந்தையாரின் வியாபாரத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஹாங்காங் சென்று கீழ்நாட்டு வர்த்தகத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றார்.

அக்காலத்தில், 1861 முதல் 1865 வரை, அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அந்நாட்டுப் பருத்தி வராமையால் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை எதிர்நோக்கின. பம்பாயில் பருத்தி பொன் விலை விற்றது. நகரத்தார் பலரும் பேராசை கொண்டு கடன் வாங்கியும் சூதாட்டம்போல வியாபாரம் செய்தனர். 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. செல்வம் மிக்க பல வணிக நிலையங்களும் அதனோடு வீழ்ந்தன. டாட்டா குடும்பத்தின் பங்காளிக் கம்பெனியும் அப்புயலுக்குத் தப்பவில்லை.

அத்தருணத்தில் ஜம்ஷெட்ஜி லண்டன் மாநகரில் இருந்தார். கையில் கொண்டுசென்ற உண்டியல்களோ செல்லாக் காகிதங்களாகிவிட்டன. வயது இருபத்தாறு, அந்நிய தேசம், நான்கு புறமும் கடன்காரர். ஓடி ஒளிதலும், கணக்கை மறைத்தலும், பழியைப் பம்பாயிலிருந்தோர்மேற் சுமத்துதலும் ஆகிய வழிகள் அவருக்கு எளியனவாய் இருந்தன. அவரோ கடன் கொடுத்தோரை நேரிற் கண்டு, நிலைமையை உள்ளது உள்ளபடி எடுத்துரைத்தார். விளைந்தது வியக்கத்தக்கதாயிற்று. மாதம் இருபது பவுன் சம்பளத்தில், அக்கம்பெனியின் சொத்துக்களைத் திரட்டிக் கடன்களைத் தீர்க்கும் பொறுப்பைக் கடன்காரர்கள் அவரிடமே ஒப்புவித்தனர். கடன்பட்டவனையே கணக்குத் தீர்க்கும் காரியஸ்தனாக அமர்த்துவது உலகில் எளிதில் நடப்பதன்று. பணம் போயிற்று, பெயர் போகவில்லை. நம் தாய்மொழி காசையும் நேர்மையையும் நாணயம் என்னும் ஒரே சொல்லாற் குறிப்பதன் உண்மை இங்கே விளங்குகின்றது.

மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1868-ல், இருபத்தோராயிரம் ரூபாயை முதலாக வைத்து அவர் சொந்த வியாபாரம் தொடங்கினார். மறுவருஷம் சிஞ்ச்போக்ளியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார்; இரண்டாண்டுகளில் அதனை லாபத்துடன் விற்றார். வந்த லாபத்தைக் கொண்டு களித்திராமல், லங்காஷயருக்குச் சென்று நூற்புத் தொழிலைக் கண்ணாரக் கண்டு கற்றார்.

பஞ்சாலைக்குப் பம்பாயே தக்க இடம் என்று எல்லாரும் கருதியிருந்த காலத்தில், இவர் நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் பூமி அருகே, ரயில் வசதி, மலிவான நிலம் என்பன அவர் கண்ட காரணங்கள். அந்நிலமோ சதுப்பு நிலம். அதனை மண் கொட்டித் தூர்க்க வேண்டியிருந்தது. இது பணத்தை மண்ணிற் போடுவதாகும் என்று கருதி அவ்வூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கடன் கொடுக்க மறுத்தார் என்பர். எம்ப்ரெஸ் மில் என்னும் அவ்வாலை 1877-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி தொடங்கப்பெற்றது. அதன் நிர்வாகத்திற்கு அவர் தெரிந்தெடுத்த பெஸோன்ஜி மேத்தா ரயில்வே உத்தியோகத்திலிருந்து வந்தவர். பஞ்சாலைத் தொழிலை முன்பின் அறியாதவர். தொழிலைக் கற்பித்துவிடலாம், குணத்தைக் கற்பிப்பது அரிது என்பதை உணர்ந்த தேர்வு அது.

தொழிலாளர் திடீர் திடீரென வேலைக்கு வராமை அவ்வாலையைப் பெரிதும் வருத்தியது. அபராதத்தையும் அதட்டலையும் மட்டும் நம்பாமல், நல்ல காற்றோட்டம், ஒழுங்காக வருவோருக்கு வெகுமதி முதலியவற்றை ஜம்ஷெட்ஜி ஏற்படுத்தினார். 1886-ல் ஓய்வுகால நிதியும், 1895-ல் விபத்துக்கு நஷ்ட ஈடும் அமைத்தார். இவற்றைச் சட்டம் கட்டாயமாக்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, தொழிலாளரிடத்தும் நாணயம் காக்க வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார்.

அவர் தொட்டதெல்லாம் பொன்னாயிற்று என்று எண்ணிவிடலாகாது. 1886-ல் குர்லாவில் நலிந்துகிடந்த பெரிய ஆலை ஒன்றைப் பன்னிரண்டரை லக்ஷ ரூபாய்க்கு வாங்கி, ஸ்வதேசி மில் என்று பெயரிட்டார். பழைய யந்திரங்கள் பணத்தை விழுங்கின. பங்குகளின் விலை இறங்கியது. டாட்டாவின் கணிப்புப் பிழைத்தது என்ற பேச்சு எழுந்தது. அவரோ தம் சொந்தப் பொருளை அதிற் சொரிந்து, நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வருவித்து, ஆலையை நிமிர்த்தினார். தம்மை நம்பிப் பங்கு வாங்கியோரை நட்டாற்றில் விடவில்லை. ஆனால் 1893-ல் தொடங்கிய கப்பல் முயற்சி நிலைக்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் சரக்குக் கூலியை வெகுவாகக் குறைத்தன. நம்மவரான வணிகரே அந்த அற்ப லாபத்தை நாடி அவரைக் கைவிட்டனர். ஒற்றுமையின்மையால் ஒரு சுதேசி முயற்சி மடிந்த இச்செய்தி, சங்கம் வைத்து வாழும் நாம் நெஞ்சிற் பதிக்கத்தக்கது.

உயர்கல்விக்காக இளைஞரைக் கடல் கடந்து அனுப்ப 1892-ல் அவர் ஒரு நிதி அமைத்தார். முதலில் பார்ஸிகளுக்கென்றே இருந்த அந்நிதி சில ஆண்டுகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவாக்கப்பெற்றது. விஞ்ஞானக் கல்விக் கழகம் ஒன்றை நிறுவ முப்பது லக்ஷ ரூபாய் பெறுமானமுள்ள சொத்துக்களை அளிக்க முன்வந்தார். அது எழுவதைக் காணாமலே 1904-ஆம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி ஜெர்மனியில் காலமானார். 1909-ல் பெங்களூரில் அக்கழகம் நிறுவப்பெற்றது. மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. நம் நாட்டவரான ஸர் சி. வி. ராமன் 1933-ல் அதன் தலைவராயினார். ஜம்ஷெட்ஜி கனவு கண்ட இரும்புத் தொழிலுக்கு 1907-ல் கம்பெனி ஏற்பட்டபோது, வேண்டிய முதலை மூன்றே வாரங்களில் இந்திய மக்களே கொடுத்தனர். 1912-ல் எஃகு உருகி வந்தது. லண்டனில் ஓர் இளைஞரைக் கடன்காரர் நம்பியதற்கும், இறந்தவரின் பெயரை நம்பி நாட்டார் பணம் தந்ததற்கும் காரணம் ஒன்றே.

ஆதலால் நம் குலத்து இளைஞர்கள் கடை திறக்குமுன் கணக்கைத் திறந்துவைக்கப் பழகுவாராக. சொன்ன தவணையிற் செலுத்துக. செலுத்த இயலாவிடின், கடன்காரன் தேடி வருமுன் தாமே சென்று உரைக்க. நம் சங்க நிதி முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடட்டும்; கை வலுத்தபின் அயல் வீட்டுப் பிள்ளைக்கும் அது நீளட்டும். அவ்வாறு நீண்ட கையின் பெயரே நூறாண்டு கடந்தும் நிற்கின்றது.