பாறையைப் படித்த ஆயர்: அருளாளர் நிக்கோலாஸ் ஸ்டெனோ

புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுக்கு அப்பால், கடலை அண்டியுள்ள அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் அகழப்படுகின்றது. புத்தளத்துச் சீமெந்து ஆலைக்குச் செல்வது அந்தக் கல்லே. மேலே செம்மண், அதன் கீழே வெளிறிய சுண்ணாம்புப் பாறை என நிலம் அங்கே அடுக்கடுக்காகத் தன் உள்ளைக் காட்டி நிற்கின்றது. அந்தப் பாறைக்குள் கடற்சிப்பிகளும் சுறாப் பற்களும் கல்லோடு கல்லாக உறைந்து கிடக்கின்றன. நிலத்தின் வரலாற்றை ஆராயும் புவிச்சரிதவியலாளர், அப்பாறை மயோசீன் காலத்துக்குரியது என்பர். இன்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலம் அது.

கற்பிட்டி முதல் சிலாபம் வரை கரையோரத்தில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் எனப் பாடசாலையில் கற்கின்றனர். விவிலியத் தலைமுறைகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் தோன்றி 6,000 ஆண்டுகளே ஆயின என உறுதியாகக் கூறும் கிறிஸ்தவ சகோதரரையும் அவர்கள் சந்திக்கின்றனர். இரண்டில் எதை நம்புவது என்று வீட்டில் அவர்கள் கேட்கும்போது, பெற்றோர் பலர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். பதில் கிடைக்காத பிள்ளை, அறிவைக் கைவிட வேண்டும் அல்லது ஆலயத்தைக் கைவிட வேண்டும் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும். இந்த இக்கட்டில் நமக்குத் துணைநிற்கக்கூடிய ஒருவர், முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சுறாவின் பல்லைக் கையிலெடுத்துப் பார்த்த அருளாளர் நிக்கோலாஸ் ஸ்டெனோ ஆவார்.

அவர் 1638 ஜனவரியில் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். குடும்பம் லூத்தரன் சபையைச் சேர்ந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கோப்பன்ஹேகனில் மருத்துவம் பயின்று, பின்னர் ஒல்லாந்து சென்றார். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டின் தலையொன்றை அறுத்து ஆராய்ந்தபோது, கன்னத்திலிருந்து வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுவரும் குழாயைக் கண்டறிந்தார். இன்றும் மருத்துவ மாணவர் அதனை ஸ்டென்சன் குழாய் என்றே கற்கின்றனர். இதயம் ஒரு தசையே என்பதையும் அவர் விளக்கிக் காட்டினார். முன்னோர் எழுதிவைத்ததை அப்படியே ஒப்புவிக்காமல், இறைவன் படைத்த பொருளைத் தன் கண்ணால் பார்த்த பின்னரே பேசுவது என்பது இளமை தொட்டு அவர் கைக்கொண்ட ஒழுக்கம்.

1666இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டோவின் ஆதரவில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே மீனவர்கள் மிகப் பெரிய சுறாவொன்றைப் பிடித்தனர். அதன் தலையை ஆராயுமாறு கோமகன் அவரிடம் அனுப்பிவைத்தார். அந்தச் சுறாவின் பற்கள், மால்டா தீவின் பாறைகளில் ஏராளமாகக் கிடைத்த நாக்குக் கற்களை அப்படியே ஒத்திருப்பதை ஸ்டெனோ கண்டார்.

அந்தக் கற்களைப் பற்றி அக்காலத்தில் பல கதைகள் வழங்கின. வானத்திலிருந்து விழுந்தவை என்றனர் சிலர். பாறைக்குள்ளேயே தாமாக முளைத்தவை என்றனர் வேறு சிலர். திருத்தூதர் பவுல் மால்டாவில் கரையேறியபோது அவரைக் கடித்த பாம்பின் இனம் சபிக்கப்பட்டு, அதன் நாக்குகள் கல்லாயின என்பது மக்களின் நம்பிக்கை. அவை சுறாவின் பற்களே என இத்தாலியரான ஃபாபியோ கொலோன்னா 1616இல் எழுதியிருந்தும், அது பரவலாக ஏற்கப்படவில்லை. ஸ்டெனோ 1667இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கான காரணங்களை நிரல்பட எடுத்துவைத்தார். பற்கள் கடல்வாழ் உயிரினுடையவை என்றால், இன்று மலையாக நிற்கும் அந்நிலம் ஒருகாலத்தில் நீருக்கடியில் கிடந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது அவரை இட்டுச் சென்றது.

அதே ஆண்டுகளில் வேறொரு தேடலும் அவர் உள்ளத்தில் நடந்துகொண்டிருந்தது. 1666இல் லிவோர்னோவில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாப் பவனியை அவர் கண்டார். நகரம் முழுவதும் நற்கருணையின் முன் முழந்தாளிட்ட காட்சி அவரைக் கலங்க வைத்தது. அது வெறும் அப்பம் என்றால் அம்மக்கள் அறிவிலிகள். அது மெய்யாகவே ஆண்டவரின் உடல் என்றால், தான் மட்டும் ஏன் வணங்காமல் நிற்க வேண்டும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். உடலையும் பாறையையும் ஆராய்ந்த அதே பொறுமையுடன் மறைநூலையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் அவற்றின் மூலமொழிகளில் வாசித்தார். 1667 நவம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். சுறாவின் பல்லைப் பற்றிய நூலும் இந்த மனமாற்றமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை என்பதை நம் இளைஞர் நினைவில் கொள்வது நல்லது.

1669இல் புளோரன்ஸில் அவருடைய புகழ்பெற்ற சிறுநூல் வெளிவந்தது. திடப்பொருள் ஒன்றினுள் மற்றொரு திடப்பொருள் எவ்வாறு அடைபட்டது என்பதே அதன் பொருள். நீரில் கரைந்து வரும் மண் மட்டமாகப் படிகிறது. முதலில் படிந்தது கீழே கிடக்கிறது. பிந்தியது அதன்மேல் வந்து சேர்கிறது. எனவே சாய்ந்தும் முறிந்தும் கிடக்கும் அடுக்குகள், படிந்த பின்னரே அவ்வாறு ஆயின என அவர் நிறுவினார். புத்தளம் களப்பின் அடியில் சேறு படிவதைக் கண்டவருக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் அதற்கு முன் எவரும் அதை ஒரு விதியாக வகுத்துச் சொன்னதில்லை. பாறை அடுக்குகளை ஏடுகளாகக் கொண்டு பூமியின் வரலாற்றை வாசிக்கும் வழி அந்த நூலில்தான் திறக்கப்பட்டது.

ஆனால் பூமியின் வயதைப் பற்றி ஸ்டெனோ கொண்டிருந்த எண்ணம் என்ன? தம் காலத்துக் கிறிஸ்தவர் கொண்டிருந்த எண்ணமே அவருக்கும் இருந்தது. அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத் தலைமுறைகளையும் பண்டைய அரசர்களின் ஆண்டுகளையும் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என 1650இல் அறிவித்திருந்தார். கீழைத் திருச்சபையின் கணக்கு கி.மு. 5509 என இருந்தது. உரோமைத் திருச்சபை கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடிய அறிவிப்பிலோ படைப்புக்கும் ஆண்டவரின் பிறப்புக்கும் இடையே 5,199 ஆண்டுகள் எனக் குறிக்கப்பட்டிருந்தது. கணக்குகள் வேறுபட்டாலும் எல்லாமே சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்கின. வொல்தெரா என்னும் பழம்பெரும் நகரின் மதிற்கற்களில் கடற்சிப்பிகள் இருப்பதைக் கண்ட ஸ்டெனோ, அவை 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனக் கணித்து, நோவாவின் வெள்ளப்பெருக்கு வரை அவற்றைக் கொண்டுசெல்லலாம் என எழுதினார்.

அந்த எண்ணிக்கை குறைவானது என்பதை இன்று நாம் அறிவோம். அவர் வகுத்த விதிகளைக் கொண்டே பின்வந்தோர் அதைத் திருத்தினர். 1788இல் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன், பாறை அடுக்குகள் உருவாக எண்ணிப் பார்க்க முடியாத நெடுங்காலம் சென்றிருக்க வேண்டும் என எடுத்துரைத்தார். 1956இல் அமெரிக்கரான கிளெயர் பற்றர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கண்டார். தாம் கண்டதை மறைக்காமலும் திரிக்காமலும் எழுதிவைத்தார் ஸ்டெனோ. ஆகவே அவருடைய எண்ணிக்கை மாறிய பின்னரும் அவருடைய உழைப்பு நிலைத்து நின்றது.

1675இல் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1677இல் ஆயராக நியமிக்கப்பட்டபோது கால்நடையாகவே உரோமைக்குச் சென்றார். சிறு எண்ணிக்கையில் கத்தோலிக்கர் வாழ்ந்த ஜெர்மனியின் வடபகுதியில் அவருடைய பணி அமைந்தது. மூன்ஸ்டரில் துணை ஆயராக இருந்தபோது, ஆயர் தேர்தலில் பணம் புகுந்ததைக் கண்டித்து 1683இல் அங்கிருந்து வெளியேறினார். ஆயருக்குரிய மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். பழைய அங்கியும் எளிய உணவும் கடும் நோன்புமாக வாழ்ந்து, 1686 டிசம்பர் 5ஆம் நாள் ஷ்வெரின் நகரில் நோயுற்று, 48ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் புளோரன்ஸ் நகரின் புனித லோரன்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1988 ஒக்டோபர் 23ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

பூமியின் வயதைக் குறித்துக் கிறிஸ்தவர் இன்றும் ஒரே கருத்தினர் அல்லர். தொடக்கநூலின் ஆறு நாள்களும் இருபத்து நான்கு மணி நேர நாள்களே என்று கொள்ளும் சபைகள் உள்ளன. ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட காலத்தைக் குறிக்கும் என்போரும், முதல் இரண்டு வசனங்களுக்கு இடையே நெடுங்காலம் கடந்தது என்போரும் உள்ளனர். கத்தோலிக்கருக்கு இவ்விவாதம் புதியதன்று. அந்த நாள்களை நாம் அறிந்த நாள்களாகக் கொள்ள முடியாது என்று புனித அகுஸ்தினார் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணினார். 1909இல் பாப்பிறை விவிலிய ஆணைக்குழு, நாள் என்ற சொல்லை நீண்ட காலம் என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு என அறிவித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அண்டத்தின் வயதைப் பற்றிய ஆய்வுகள் நம் அறிவை வளப்படுத்தியுள்ளன எனக் கூறி, அதற்காகப் படைத்தவரைப் போற்ற அழைக்கின்றது. கிறிஸ்து பிறப்பு அறிவிப்பிலும் 5,199 என்ற எண் இப்போது இல்லை. 2001இல் வெளிவந்த உரோமை மறைச்சாட்சியர் நூலில், அதன் இடத்தில் எண்ணற்ற காலங்கள் என்ற பொருள்படும் சொற்கள் இடம்பெற்றுள்ளன. எண் நீங்கியது, விண்ணையும் மண்ணையும் இறைவன் படைத்தார் என்ற அறிக்கை அப்படியே இருக்கின்றது.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளை இக்கேள்வியைக் கேட்கும்போது அஞ்ச வேண்டாம். உலகம் யாரால், எதற்காகப் படைக்கப்பட்டது என்பதைத் தொடக்கநூல் நமக்குக் கற்பிக்கின்றது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்பதைப் பாறையிடம் கேட்டறியும் அறிவையும் அதே இறைவனே மனிதனுக்குத் தந்தார். ஆண்டுகள் பெருகினால் இறைவன் சிறியவராகிவிட மாட்டார். அவ்வாறே, அன்பார்ந்த இளைஞரே, 6,000 ஆண்டுகள் என்று நம்பும் பாட்டனையோ அயலவரையோ எள்ளி நகையாடாதீர்கள். இந்த அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் அருளாளரும் அந்த எண்ணத்தோடுதான் வாழ்ந்து மறைந்தார். அவருடைய விசுவாசமும் அன்பும் அதனால் எவ்விதத்திலும் குறைந்துவிடவில்லை.

தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குச் செல்லும் குடும்பங்கள், அங்குள்ள கடற்கரையில் ஒரு சிப்பியையேனும் கண்டெடுக்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை அந்தச் சிப்பியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அருவக்காட்டுப் பாறைக்குள் இதைப் போன்ற சிப்பிகள் நெடுங்காலமாக உறங்குகின்றன என்று சொல்லுங்கள். அவற்றைப் படைத்தவரே நம்மையும் படைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிசம்பர் 5ஆம் நாள் அருளாளர் ஸ்டெனோவின் திருநாள். அன்று மாலைச் செபத்தில் அவர் பெயரையும் நினைவுகூருவோம்.

படைப்பின் ஆண்டவரே, உமது கைவேலையை அச்சமின்றி ஆராயும் அறிவையும், ஆராய்ந்தபின் உம் திருமுன் முழந்தாளிடும் தாழ்மையையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருளும். ஆமென்.