நாடகத் தியாகி விசுவநாததாஸ்

கலைஞனுக்கும் அதிகாரத்துக்கும் இடையே எழும் போராட்டம் ஐரோப்பியத் திரைப்படங்கள் விரும்பி எடுத்தாளும் பொருளாகும். அங்கேரிய இயக்குநர் இஸ்த்வான் சாபோ 1981இல் உருவாக்கிய 'மெஃபிஸ்டோ' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. மேடைப் புகழை இழக்க மனமின்றி நாஜிகளுக்குத் துணைபோகும் நடிகன் ஒருவனின் வீழ்ச்சியை அது காட்டுகிறது. அதற்கு நேர்மாறான வாழ்வொன்றைத் தமிழ் மேடை கண்டுள்ளது. அவ்வாழ்வுக்குரியவர் விசுவநாததாஸ்.

1886 ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்த அவர், பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தார். மருத்துவர் குலத்தில் தோன்றியவர். முடிதிருத்தும் தொழிலை இழிவெனக் கருதிய சமூகம் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்ததேயன்றி, அவரைச் சமமாக மதிக்கவில்லை. நடிகையர் பலர் அவருடன் நடிக்க மறுத்தனர்.

இம்மறுப்பின் கடுமையை உணர, ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களே அம்மேடையில் பெரிதும் நடிக்கப்பெற்றன. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெற்ற நடிகர்கள், கூட்டு ஒத்திகையின்றி நாடக இரவில் ஒன்றுகூடுவர். இணையாக நடிப்பவர் மறுத்தால் நாடகமே நின்றுவிடும். இந்நிலையில் அவருடன் நடிக்க முன்வந்தவருள் கே. பி. ஜானகி அம்மாள் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் பொதுவுடைமை இயக்கத் தலைவராகி, 1967இல் சட்டமன்ற உறுப்பினரானவர் அவரே.

தடையாக இருந்த அவ்வமைப்பே விசுவநாததாஸுக்குப் படைக்கலமும் ஆயிற்று. கதையின் இடையே தாம் விரும்பிய பாடலைப் பாடும் உரிமை ஸ்பெஷல் நாடக நடிகருக்கு உண்டு. ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க 1876ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் சட்டம் இயற்றியிருந்தனர். எனினும், புராணக் கதைக்கு நடுவே நள்ளிரவில் எழும் பாடலை முன்கூட்டித் தடுத்தல் எளிதாக இல்லை. மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களை அவர் பாடினார். வள்ளி காக்கும் தினைப்புனத்துக் கதையில் வெள்ளைக் கொக்கு வந்தது. அக்கொக்கு யாரென்பது எழுத்தறியாத பாமரர்க்கும் விளங்கிற்று. மேடையிலேயே கைதாவதும், விடுதலை பெற்றதும் மீண்டும் அதே பாடலைப் பாடுவதும் அவர் வாழ்வாயின. 29 முறை சிறை புகுந்தார் என்பர்.

சிறைவாழ்வு குடும்பத்தை வறுமையில் ஆழ்த்தியது. வீடு அடகுக்குப் போயிற்று. தேசியப் பாடல்களைக் கைவிட்டால் கடன் தீர்க்கப்படும் என அரசு தரப்பில் ஆசை காட்டியும் அவர் இசையவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. முருக வேடத்துடனேயே இறுதி ஊர்வலம் நடைபெற்றது.

'மெஃபிஸ்டோ'வின் நாயகன், தான் வெறும் நடிகனே என்னும் சமாதானத்தில் இறுதிவரை ஒளிந்துகொள்கிறான். விசுவநாததாஸ் அச்சமாதானத்தை ஒருநாளும் நாடவில்லை. நடிகன் என்பதனாலேயே தமக்குப் பொறுப்பு மிகுதி எனக் கொண்டார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் திரைப்பட ஆர்வலர் அப்படத்தைக் காணுங்கால், திருமங்கலத்தில் நினைவு இல்லமாக நிற்கும் இவர் வீட்டையும் நெஞ்சில் நிறுத்துதல் நன்று.