கம்ப்யூட்டருக்குப் பாடம் சொன்ன ஆசிரியை

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது என்று அறிய ஆசைப்பட்டு, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாராம். நாம் செய்திருந்தால் முதல் கடிகாரத்திலேயே முதுகு பழுத்திருக்கும்! அவருடைய தாயாரோ, இனி ஒன்றோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னார்.

1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் படித்த வாஸர் மகளிர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். கணக்கு வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லி, நடைக்கும் மதிப்பெண் இடுவார். இது கணக்கு வகுப்பா, ஆங்கில வகுப்பா என்று மாணவியர் முணுமுணுத்தனர். நாமும் முணுமுணுத்திருப்போம். பிறருக்கு விளக்கத் தெரியாவிட்டால் கணக்குக் கற்றுப் பயனில்லை என்பது அவர் எண்ணம்.

போர்க்காலத்தில், 1943-இல், கடற்படையில் சேர்ந்தார். ஹார்வர்டில் இருந்த, 51 அடி நீளமுள்ள மார்க்-1 என்னும் கணிப்பொறியில் அவருக்கு வேலை. 1949-இல் பிலடெல்பியாவில் கம்ப்யூட்டர் செய்யும் ஒரு நிறுவனத்திற்குச் சென்றார். அந்நாளில் கட்டளைகளை எல்லாம் எண்களாகவே எழுதவேண்டும். பழைய கட்டளைகளை நோட்டைப் பார்த்துக் காப்பி எடுத்து, இடத்திற்கேற்ப எண்களைக் கூட்டி மாற்றுவார்கள். காப்பியிலும் பிழை, கூட்டலிலும் பிழை!

கூட்டத் தெரிந்த இயந்திரமே இதைச் செய்யட்டும் என்று அம்மையார் நினைத்தார். கட்டளைப் பகுதிகளைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். எண்களை வரிசையாகச் சொன்னால் போதும். இயந்திரமே தேடி எடுத்துப் பொருத்திக்கொள்ளும். 1952-இல் உருவான இதுவே ஏ-0 என்னும் கம்பைலர்.

ஆனால், இன்னும் வந்து சேராத ஒரு பகுதிக்குத் தாவச் சொன்னால் அதன் இடம் எப்படித் தெரியும்? இங்கே கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து கைகொடுத்தது. அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடித் திரும்ப வாங்க வேண்டும். அதுபோல அவர் நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவும் கட்டளையை அங்கே அனுப்பினார். உரிய பகுதி வந்ததும் அதன் இடம் அம்மூலையில் குறிக்கப்படும். பந்து போய்ச் சேர்ந்துவிடும். அவ்வாண்டு இதைப்பற்றி எழுதிய கட்டுரைக்கு, ஒரு கம்ப்யூட்டரின் கல்வி என்னும் பொருளில் தலைப்பிட்டார்.

ஓடிக் காட்டிய கம்பைலரை யாரும் தொடவில்லை. கம்ப்யூட்டருக்குக் கணக்கு மட்டுமே வரும் என்றார்கள். பின்னர் ஆங்கிலச் சொற்களில் கட்டளையிட்டுக் காட்டினார். அதோடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டியதும் மேலதிகாரிகள் பதறினர். அமெரிக்க இயந்திரத்துக்கு அந்நிய மொழி எப்படிப் புரியும் என்பது அவர்கள் கவலை! அந்த ஆங்கிலச் சொல் முறையே 1959-இல் ஒரு குழுவினர் வகுக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அடிப்படையாயிற்று.

1986-இல், 79-ஆம் வயதில், ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். பேசச் சென்ற இடமெல்லாம் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை வழங்குவார். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் அது. 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். அவர் தந்த கம்பிகளைப் பலர் பத்திரமாக வைத்திருந்தனர்.