டார்வின் எண்ணிய குளோவர் விதைகள்

பரிணாமக் கொள்கைக்காக உலகம் அறிந்த சார்லஸ் டார்வின், பல ஆண்டுகள் தேனீக்களின் பின்னால் அலைந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1831-ல் பீகிள் கப்பலில் ஏறினார். 1835 செப்டம்பரில் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளை அடைந்து, ஐந்து வாரம் சுற்றினார். அங்கே பூச்சிகள் மிகக் குறைவு. பூக்களும் சிறுத்து, நிறம் மங்கியிருந்தன. கண்டத்தோடு எப்போதும் ஒட்டியிராத எரிமலைத் தீவுகள் அவை. கடல் தாண்டி வந்து சேரும் பூச்சிகள் சிலவே.

அந்தத் தீவுகளுக்கே உரிய தேனீயாக அறியப்பட்டது ஒன்றுதான். 1926-ல் காக்கரெல் என்ற அறிஞர் அதற்கு டார்வின் பெயரையே வைத்தார். பருத்த உடலும் உரத்த ரீங்காரமும் கொண்ட இதைப் பம்பிள் தேனீ என்று நினைத்துவிடலாம். பெண் தேனீயின் வயிற்றைப் பார்த்தால் வேறுபாடு புரியும். பம்பிள் தேனீக்கு வயிறு முழுக்க அடர்ந்த ரோமம். இதற்கோ பளபளக்கும் கருப்பு. ஆண் மஞ்சள் பழுப்பு நிறம் என்பதால் இரண்டும் வேறு வேறு இனம் என்றே தோன்றும். பட்ட மரத்தைக் குடைந்து முட்டையிடும். நம் ஊரில் காய்ந்த மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு இதற்கு நெருங்கிய உறவு.

அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தில் இறங்கிய டார்வின், வைமாட்டே என்ற இடத்தில் கோதுமை, பார்லியோடு குளோவர் தீவனமும் விளைந்திருந்ததைக் கண்டார். இந்தக் குளோவர் பிற்பாடு அந்நாட்டு விவசாயிகளுக்குப் பெரிய தலைவலியானது.

1842-ல் இங்கிலாந்தின் டவுன் கிராமத்தில் குடியேறினார். ஓயாத உடல்நலக் குறைவு. தூரப் பயணம் முடியாததால் தோட்டமே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆனது. சிவப்புக் குளோவரின் 100 பூங்கொத்துகளைத் தேனீக்களுக்குத் திறந்துவிட்டார். 2,700 விதைகள் கிடைத்தன. தேனீ அண்டாமல் மூடிய 100 கொத்துகளில் ஒரு விதைகூட இல்லை. உரமும் தண்ணீரும் குறையாத வயலில் காய்பிடிப்பு குறைந்தால் எங்கே தேட வேண்டும் என்பதற்கு, இதைவிட எளிய சோதனை இல்லை. வலைத்துணி ஒன்று போதும்.

1854 முதல் சில ஆண்டுகள், ஆண் பம்பிள் தேனீக்கள் பறக்கும் பாதையை ஆராய்ந்தார். தன் பிள்ளைகளை மரத்துக்கு ஒருவராக நிறுத்தி, தேனீ வந்ததும் குரல் கொடுக்கச் செய்தார். அடையாளம் தெரிய அவற்றின் மேல் மாவு தூவினார். ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில்தான் அவை சற்று நின்று ரீங்கரித்துவிட்டுப் போயின. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அப்பாவுக்கு ஆராய்ச்சி.

1882 ஏப்ரல் 19-ல் காலமானார். அப்போதும் நியூசிலாந்து விவசாயிகள் சிவப்புக் குளோவர் விதையைப் பணம் கொடுத்து வெளியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பயிர் செழித்தது, பூத்தது, விதை பிடிக்கவில்லை. குழல் போன்ற அந்தப் பூவின் அடியிலுள்ள தேனை எட்டும் நீண்ட நாக்குள்ள தேனீ அங்கே இல்லை.

இங்கேதான் பம்பிள் தேனீயின் பழக்கம் கைகொடுத்தது. குளிர்காலத்தில் கூட்டம் முழுவதும் மடியும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் பெரும்பாலும் பழைய எலி வளையில் ஒரு ராணி தனியாகக் கூடு தொடங்கும். அப்படி உறங்கும் ராணிகளைக் குளிரூட்டிய கப்பலில் அனுப்பினார்கள். 1885-ல் உயிரோடு சேர்ந்தவை நூறுக்கும் குறைவு. அவையே பெருகின, விதை பிடித்தது.

நியூசிலாந்தில் நான்கு இனங்கள் நிலைத்தன. குட்டை நாக்கு இனமொன்று பூவின் அடியைக் கடித்துத் தேனைத் திருடும். அப்படி வருவது மகரந்தத்துக்கு உதவாது. நான்கில் இன்னொன்று, குட்டை ரோமப் பம்பிள் தேனீ, இங்கிலாந்தில் 1988-க்குப் பிறகு தென்படவே இல்லை. நியூசிலாந்திலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவர முயன்றார்கள். சில ராணிகளின் வழிவந்த கூட்டம் என்பதால் மரபுவளம் சுருங்கியிருந்தது. கடைசியில் 2012-ல் ஸ்வீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.