கூட்டைக் கலைக்காத அண்ணனும் தம்பியும்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில், த்வெய்ட் என்ற சிற்றூரில் 1862-ல் பிறந்தவர் ரிச்சர்ட் கியர்ட்டன். ஆடு வளர்த்த விவசாயியின் மகன். சிறுவயதில் பறவைக்கூடு தேடிப் போனபோது இடுப்பில் அடிபட்டது. ஆயுள் முழுக்க நொண்டி நடக்க நேர்ந்தது. ஆனாலும் அவருக்குப் பறவைகள் மீது கோபம் வரவில்லை, பிரியம்தான் வளர்ந்தது.

அக்காலத்தில் பலர் பறவை முட்டைகளை எடுத்துவந்து பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். ரிச்சர்டின் தம்பி செர்ரி என்ன செய்தார் தெரியுமா? 1892-ல், லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டை முட்டைகளோடு புகைப்படம் எடுத்தார். முட்டைகள் கூட்டிலேயே பத்திரமாக இருந்தன; அவற்றின் அழகு மட்டும் வீட்டுக்கு வந்தது! ரிச்சர்ட் எழுத, செர்ரி படமெடுக்க, 1895-ல் பறவைக்கூடுகள் பற்றிய நூல் வெளிவந்தது.

பறவைகள் மிரளாமல் இருக்க ஒரு வேடிக்கையும் செய்தார்கள். பதப்படுத்திய மாட்டுத்தோலால் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள். 'மாடுதானே' என்று பறவைகள் அருகே வந்தன.

ரிச்சர்ட் 1928-ல் மறைந்தார். குழந்தைகளே, உங்கள் வீட்டருகே கூடு கண்டால் தொடாதீர்கள். எட்ட நின்று ரசியுங்கள். நம்மை நம்பி வந்த பறவைக்கு மனதுக்குள் நன்றி சொல்லுங்கள்.