பள்ளி புரந்த பெருமகனார் வித்தியாசாகரர்

வங்கத்தில் வாழவந்த தமிழராகிய நாம், இம்மண்ணின் சான்றோர் ஒருவரை ஆண்டுவிழா நன்னாளில் நினைந்து போற்றுதல் சாலப் பொருந்தும்.

இன்று மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில் உள்ள பீர்சிங்கா சிற்றூரில், 1820 செப்டம்பர் 26-ஆம் நாள், ஏழை அந்தணர் குடியில் ஈசுவர சந்திரர் தோன்றினார். தந்தையாருடன் கல்கத்தாவுக்கு நடந்து செல்கையில் மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றார் என்பர்.

1851-இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவரானார். அந்தணரும் வைத்தியக் குலத்தாரும் மட்டுமே பயின்ற அக்கல்லூரியின் வாயிலைப் பிறர்க்கும் திறந்துவிட்டார். ஞாயிறு விடுமுறையையும் மாணவர் கட்டணத்தையும் ஏற்படுத்தி ஒழுங்கு செய்தார்.

பள்ளிகளைக் கண்காணிக்கும் அதிகாரியாகவும் விளங்கிய அவர், 1857 நவம்பர் முதல் 1858 மே வரையில் 35 பெண் பள்ளிகளை நிறுவினார். ஏறக்குறைய 1300 சிறுமியர் சேர்ந்தனர். அரசின் உதவி வருமென்று நம்பியே இவற்றைத் தொடங்கினார். மேலிடமோ நிலையான நிதி தர மறுத்தது. ஆசிரியர்தம் ஊதியம் நிலுவையில் நின்றது. தம் சொல்லை நம்பி வந்தவர்களை அவர் கைவிட்டாரல்லர். 1858-இல் மாதம் 500 ரூபாய் உத்தியோகத்தைத் துறந்த பின்னரும், தம் பொருளும் அன்பர் நன்கொடையும் கொண்டு இயன்ற பள்ளிகளைக் காத்தார்.

பின்னர் மெட்ரோபாலிட்டன் கல்விச்சாலையை வளர்த்து, 1872-இல் கல்லூரியாகவும் உயர்த்தினார். 1891 ஜூலை 29-இல் மறைந்தார்.

மணியடிப்பவர் முதல் தலைமையாசிரியர் வரை உழைப்போர் இல்லத்தில் அடுப்பெரிந்தாலன்றோ பள்ளியில் விளக்கெரியும்! நம் குழந்தைகள் பயிலும் பள்ளிகளிலும் இவ்வுண்மையை நாம் மறவாதிருப்போமாக.