பல்வரிசைக்கு இலக்கணம் வகுத்த எட்வேட் ஆங்கிள்

முல்லை அரும்பெனவும் முத்துக் கோவையெனவும் பல்வரிசையைப் புகழ்தல் புலவர் வழக்கு. அங்ஙனம் அமையாத பற்களைத் தெற்றுப்பல்லென்றும் மிதந்த பல்லென்றும் பெயரிட்டு நகைத்தல் ஊர் வழக்கு. இந்நகைப்புக்கு அஞ்சி, கையால் வாயை மறைத்துப் பேசப் பழகிய மாணவர் எவ்வகுப்பிலும் உளர். பற்களின் கோணல் எத்தகையது, அதற்குச் சிகிச்சை வேண்டுமா என்பவற்றைப் பிறர் நகைப்பைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. நோக்கியும் அளந்துமே முடிவு செய்தல் வேண்டும். இந்நெறிக்கு அடிகோலியவர் எட்வேட் ஹாட்லி ஆங்கிள் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியராவர்.

ஆங்கிள் 1855 ஆம் ஆண்டு யூன் 1 ஆந் திகதி பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கமக்காரர் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே கருவிகள் செய்வதில் மிக்க கைத்திறன் வாய்ந்தவராய் விளங்கிய இவர், பல் வைத்தியங் கற்று 1878 இற் பட்டம் பெற்றார். தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நோயுற்றமையால் அதனைக் கைவிட்டு, மொன்டானாவுக்குச் சென்று ஆட்டுப் பண்ணை நடத்த முற்பட்டார். கடும் பனிப்புயல் ஆடுகளைக் கொன்றொழித்தது. கைப்பொருள் இழந்து மீண்ட அவர், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். பல் வைத்தியத்திற்கு வந்த இலாபம் அந்தப் பனிப்புயலால் வந்ததென்றே கூறலாம்.

அக்காலத்திற் கோணற் பற்களைத் திருத்துவோர் பலர் இருந்தனர். ஆயினும் ஒருவர் கண்டதை மற்றவர்க்கு விளங்க உரைக்கப் பொதுவானதொரு சொல்முறை இருக்கவில்லை. 1899 இல் ஆங்கிள் வெளியிட்ட வகுப்புமுறை அக்குறையை நீக்கிற்று. வேலி அடைப்பவர் மூலைக் கட்டையை முதலில் ஊன்றி, அதிலிருந்து நூல் பிடித்து ஏனையவற்றை நிறுத்துவர். அதுபோன்று, ஆங்கிள் முதலாம் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை மூலைக் கட்டையாகக் கொண்டார். மேற்கடைவாய்ப்பல்லின் வெளிப்புற முன்முகடு, கீழ்க்கடைவாய்ப்பல்லின் வெளிப்புறப் பள்ளத்திற் பொருந்துதல் இயல்பு. அவ்வாறு பொருந்தியிருக்க, ஏனைய பற்கள் நெருங்கியோ திரும்பியோ நிற்பது முதலாம் வகுப்பு. கீழ்ப்பல் தன்னிடத்திற்குப் பின்னே நிற்பது இரண்டாம் வகுப்பு. மேல் முன்பற்கள் மிதந்து தோன்றும் பிள்ளைகள் பலர் இவ்வகுப்பினர். கீழ்ப்பல் முன்னே தள்ளி நிற்பது மூன்றாம் வகுப்பு. நூற்றாண்டு கடந்த பின்னரும் பல் வைத்திய மாணவர் இம்மூன்றனையும் கற்றே தொடங்குகின்றனர்.

இக்கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதிற் பாற்பற்களுக்குப் பின்னே முளைப்பது. எப்பல்லும் விழாமல் இது முளைப்பதால், பெற்றோர் பலர் இதனையும் பாற்பல்லென எண்ணிக் கவனியாது விடுகின்றனர். பாற்பற்கள் சூத்தை பட்டுக் காலத்திற்கு முன் அகற்றப்பட்டால், இக்கடைவாய்ப்பல் முன்னே சாய்ந்து, பின் வரும் பற்களின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்.

1900 இல் ஆங்கிள் சென்ற் லூயிஸ் நகரில் இத்துறைக்கெனத் தனிப் பள்ளி ஒன்றை நிறுவினார். பற்களைச் சீர்ப்படுத்தல் தனித்துறையாக வளர்ந்தது இவர் முயற்சியாலேயே. பல் வைத்தியங் கற்றவரான அன்னா ஹொப்கின்ஸ் 1908 இல் இவரை மணந்து, இவர் பணிக்கு உறுதுணையாய் நின்றார். பற்களை மும்முகமாகவும் அசைக்கவல்ல கம்பிக் கருவியொன்றை முதுமையில், 1920 களில், ஆக்கினார். இன்று வழங்கும் கம்பிக் கருவிகள் பல அதன் வழிவந்தவையே.

இத்துணைப் பெரியாரிடத்தும் ஒரு பிடிவாதம் இருந்தது. தொடக்கத்தில் இடநெருக்கத்திற்காகச் சில பற்களைப் பிடுங்குதலை ஒப்புக்கொண்ட ஆங்கிள், 1907 இல் வெளிவந்த தமது நூலின் ஏழாம் பதிப்பில் அதனை முற்றாக மறுத்தார். எல்லாப் பற்களும் வாயில் நிலைத்தல் வேண்டும். பற்கள் ஒழுங்குபட்டால் எலும்பும் முகமும் தாமே இசையும் என்பது அவர் துணிபு. கல்வின் கேஸ் என்பார் இதனை எதிர்த்து 1911 இல் வாதிட்டபோது, ஆங்கிளின் மாணாக்கர் கேஸ் மீதே பாய்ந்தனர்.

ஆயினும் அக்கொள்கையைத் திருத்தியவர்களும் ஆங்கிளின் மாணாக்கரே. அவுஸ்திரேலியரான பெக், 1920 களின் நடுவில் அவரிடங் கற்றுத் தாயகம் மீண்டார். எப்பல்லும் பிடுங்காது திருத்திய பல்வரிசைகள் மீண்டும் கோணுவதைக் கண்டு, வேண்டியவர்க்குப் பற்களை அகற்றியே சிகிச்சை செய்யலானார். மற்றொருவர் அமெரிக்கரான சாள்ஸ் ருவீட். ஆசானை உயிரெனப் போற்றிய அவர், தம் சிகிச்சை நிலைபெறாமை கண்டு, நோயாளர் நூற்றுவருக்குக் கட்டணமின்றி மறுபடியும் சிகிச்சை செய்தார். அப்பெறுபேறுகளை 1940 இற் சகபாடிகள் முன் வைத்தார். 1930 ஆம் ஆண்டு ஆகத்து 11 ஆந் திகதி மறைந்த ஆங்கிள் அதனைக் காண இருக்கவில்லை.

சிகிச்சை யாருக்கு வேண்டும் என்னும் வினாவும் பின்னரே தெளிவு பெற்றது. 1989 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த புரூக், ஷா என்னும் இருவர் தேவையை ஐந்து படிகளாக வகுத்தனர். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னே 9 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு நிற்பின் தேவை மிக உயர்ந்தது. 6 மில்லிமீற்றரைக் கடப்பின் அதற்கு அடுத்தது. சிறிது திரும்பிய பல்லொன்று மட்டும் உள்ளவர்க்குச் சிகிச்சை இன்றியமையாததன்று. ஆங்கிள் கண்ட இலட்சியப் பல்வரிசை எல்லார்க்கும் வாய்ப்பதன்று, வாய்க்காமை நோயுமன்று. இதனை அறிந்த பிள்ளை வாயை மறைக்கவேண்டியதில்லை; நீண்டு நிற்கும் பல்லுடைய பிள்ளையின் பெற்றோர் காலந் தாழ்த்தவும் கூடாது.

ஆசான் அளித்த அளவுகோலைக் கொண்டே ஆசானின் முடிவையும் அளந்து பார்த்தவர் பெக்கும் ருவீட்டும். ஆங்கிளின் வகுப்புமுறையை அவர்கள் கைவிடவில்லை. அவர் பெயரைத் தாழ்த்தவுமில்லை. எமது கல்லூரியிற் கற்று வெளியேறும் மாணவர் தம் ஆசிரியர்க்குச் செய்யத்தக்க கைம்மாறும் இத்தகையதே.